போன் கான்ட்ராக்ட் முடியப்போகுதா? நம்ம டவுன்ல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவுல, பேராக் மாநிலத்துல உள்ள சுங்கை சிப்புட்ல ஒரு ஹேண்ட்போன் கடையில ஆறு வருஷம் வேலை செஞ்சேன். இப்ப அந்த வேலையில இல்ல, ஆனா கோயில்ல, சாப்பாட்டுக் கடையில, பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பாக்கறவங்க இன்னமும் போனை நீட்டி இதையேதான் கேக்குறாங்க. வாயால சொன்னா பாதி மறந்துடுது, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய எழுதி கீழ பதில் போட்டிருக்கேன். வீட்டுல பெரியவங்க இருந்தா படிச்சுக் காட்டுங்க.

கான்ட்ராக்ட்னா என்னா, அப்கிரேட்னா என்னா, ரெண்டும் ஒன்னுதானே?

தோட்டத்துக் கடையில 555 புத்தகத்துல கடன் எழுதி சாமான் வாங்குனோம்ல, கான்ட்ராக்ட் கிட்டத்தட்ட அதே கணக்குதான். கம்பெனி உங்களுக்கு ஒரு போனைக் குறைஞ்ச விலைக்கோ சும்மாவோ கொடுக்குது, நீங்க 24 மாசமோ 36 மாசமோ இந்த பிளான்ல இருக்கேன்னு கையெழுத்துப் போடுறீங்க, போனோட மிச்ச விலை உங்க மாச பில்லுக்குள்ளயே இருக்கு. ஒரே வித்தியாசம், 555ல கடன் எவ்வளவுன்னு கண்ணுக்குத் தெரியும், இதுல தெரியாது.

அப்கிரேட்ங்கறது அந்தப் புத்தகத்தை முடிச்சிட்டு புதுப் புத்தகம் தொறக்கிறது. புது போன், புது கையெழுத்து, மறுபடி முதல் மாசத்துல இருந்து.

என்னோட கான்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு எனக்கே தெரியாதுங்க, எப்படிப் பாக்கறது?

கம்பெனியோட ஆப்ல உள்ள போயி பாருங்க, பெரும்பாலும் பிளான் விவரத்துக்குக் கீழ கான்ட்ராக்ட் முடியற தேதி இருக்கும். இல்லன்னா சர்வீஸ் லைனுக்குப் போன் அடிச்சு மூணே மூணு கேளுங்க: தேதி என்னா, இன்னைக்குக் கான்ட்ராக்ட உடைச்சா எவ்வளவு கட்டணும், முடிஞ்சப்பறம் என் பில் எவ்வளவு வரும். மூணாவதை யாரும் கேக்குறதே இல்ல, அதுதான் இருக்கறதுலயே முக்கியம், ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

தேதிய காலண்டர்ல எழுதி வையுங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குற காலண்டர்லயே எழுதுங்க, தினம் கண்ணுல படும்.

முடிஞ்ச அன்னைக்கே புது போன் எடுக்கலன்னா லைன் கட் ஆயிடுமா?

ஆகாது. லைன் அப்படியே ஓடும், பில்லும் அப்படியே வரும். அங்கதான் நம்ம காசு போகுது. போன் விலை பில்லுக்குள்ள இருந்துச்சுன்னு சொன்னேன்ல, 24 மாசம் கட்டி முடிச்சாச்சு, போன் உங்களுது, ஆனா நிறைய பிளான்ல நீங்களா போயி கேக்காத வரைக்கும் பில் தானா இறங்காது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பால்வெட்டு வேலை செஞ்சவங்க, கான்ட்ராக்ட் முடிஞ்சு 19 மாசம் அதே 98 வெள்ளிய (ரிங்கிட்) கட்டிக்கிட்டு இருந்தாங்க, அந்தப் பில்ல கையில வெச்சுப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. 45 வெள்ளி பிளானுக்கு இறக்கியிருந்தா மாசம் 53 வெள்ளி மிச்சம், 19 மாசத்துக்கு 1,007 வெள்ளி.

அதனால முடியற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே யோசிக்க ஆரம்பிங்க. புது போன் வேணாம்னா முடிஞ்ச மறுநாளே கூப்பிட்டு "சிம் மட்டும் உள்ள பிளானுக்கு மாத்தி விடுங்க"ன்னு சொல்லுங்க. அதுக்குப் புதுசா கையெழுத்து கேட்டா எத்தனை மாசத்துக்குன்னு கேட்டுட்டுப் போடுங்க.

கடையில "போன் ஃப்ரீ"ன்னு போட்டிருக்காங்களே, நெசமாவே ஃப்ரீயா?

ஒரு பென்சில் எடுத்துக்கிட்டு இந்தக் கணக்க போடுங்க, கடைக்குள்ள நின்னுக்கிட்டே போடுங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. கான்ட்ராக்ட் பிளான் மாசம் 98 வெள்ளின்னு வைப்போம், 24 மாசத்துக்கு 2,352. போனுக்குக் கையில 299 கட்டணும். மொத்தம் 2,651. இப்ப அதே அளவு டேட்டா, அதே கால்ஸ், சிம் மட்டும் 45 வெள்ளிக்குக் கிடைக்குதுன்னா 24 மாசத்துக்கு 1,080. ரெண்டுக்கும் வித்தியாசம் 1,571, அதுதான் அந்தப் போனுக்கு நீங்க உண்மையா கொடுக்கற விலை. வெளியில அதே மாடல் 1,399க்குக் கிடைச்சா நீங்க 172 வெள்ளி அதிகமா கொடுக்கறீங்க, 1,799க்கு வித்தா உங்களுக்கு லாபம். நம்பர் நான் கணக்குக்காகப் போட்டது, உங்க பில்லுல உள்ள நம்பரைப் போட்டுப் பாருங்க.

சேவை வரிய மறந்துடாதீங்க. 2024 மார்ச் 1ல நிறைய சேவைக்கு வரி 8 விழுக்காடு ஆச்சு, போன் பில்லுக்கு மட்டும் 6 விழுக்காடாவே விட்டாங்க, ஆனா பெரிய பிளான்னா வரியும் பெருசு. மேல சொன்ன கணக்குல 98க்கு மாசம் 5.88, 45க்கு 2.70, ரெண்டு வருஷத்துல 76 வெள்ளி வித்தியாசம். கடைக்காரங்க சொல்ற விலை பல நேரம் வரிக்கு முன்னாடி உள்ள விலை.

அட்வான்ஸ் கேட்டா அது எப்படித் திரும்ப வரும்னு கேளுங்க. வழக்கமா மாசாமாசம் பில்லுல கொஞ்சம் கொஞ்சமா கழிப்பாங்க, பாதியில உடைச்சா மிச்சம் போயிடும்.

அப்ப ரொக்கமா வாங்கறதுதான் எப்பவும் நல்லதா?

அப்படியும் இல்ல. 2025 பிப்ரவரியில இருந்து குறைஞ்சபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதுல வீட்டுச் செலவு, பிள்ளைங்க பஸ் காசு, மோட்டர்சைக்கிள் தவணை எல்லாம் போக ஒரே மூச்சுல 1,400 எடுத்து வைன்னா யாரால முடியும்? மாசாமாசம் கட்டறது சௌகரியம்னா அதுக்கு ஒரு விலை கொடுக்கறதுல தப்பில்ல, ஆனா எவ்வளவு விலைன்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான் நான் சொல்றது. 172 வெள்ளிய ரெண்டு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 7 வெள்ளி சொச்சம், அது உங்களுக்குப் பரவாயில்லன்னா எடுங்க. அதுவே 700, 800 வெள்ளி வித்தியாசம் வந்தா நான் எடுக்க மாட்டேன்.

இன்னொன்னு, உங்களுக்கு எப்படியும் பெரிய டேட்டா வேணும், பிள்ளை ஆன்லைன்ல படிக்குது, வீட்டுல வைஃபை இல்ல, அப்படின்னா பெரிய பிளான் எப்படியும் கட்டத்தான் போறீங்க, அப்ப அது கூட வர்ற போன் உண்மையிலேயே மலிவா அமையலாம். யாரு எந்த நிலையில இருக்காங்கன்னு பாத்துத்தான் சொல்ல முடியும்.

எந்த மாசத்துல எடுத்தா நல்லது?

ஐபோன் புது மாடல் வழக்கமா செப்டம்பர்ல வருது, சாம்சங் எஸ் வரிசை வருஷ ஆரம்பத்துல வருது. வந்தவுடனே போன வருஷத்து மாடல் விலை இறங்கும், அத எடுங்க. தீபாவளி நேரத்துலயும் சலுகை வரும், ஆனா போனஸ் கையில இருக்கற நேரம் பாருங்க, கணக்குப் போடாம கையெழுத்துப் போட்டுட்டு வர்றது அப்பதான் அதிகம்.

என் போன் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிதான் மத்தியானத்துக்குள்ள செத்துடுது. மாத்தலாமா?

போனை மாத்தாதீங்க, பேட்டரிய மாத்துங்க. லித்தியம் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல சக்தி குறையறது இயற்கை, போன் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. புது பேட்டரிக்கு ஆகற செலவு புது போன்ல ஒரு சின்னப் பங்குதான். லைன் வீக்கா இருக்கற இடத்துல போன் டவரைத் தேடிக்கிட்டே இருக்கும், அதுலயும் பேட்டரி சீக்கிரம் இறங்கும், தோட்டத்து உள்ள வேலை செய்றவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

செக்யூரிட்டி அப்டேட் இன்னும் வருதான்னு பாருங்க. 2024ல வந்த சாம்சங் எஸ்24ல இருந்து அந்த வரிசைக்கு ஏழு வருஷம் அப்டேட் தர்றோம்னு சொல்லியிருக்காங்க, மலிவான பழைய மாடலுக்கெல்லாம் அவ்வளவு கிடையாது. அப்டேட் நின்னு போன போன்ல பேங்க் ஆப் வெச்சிருந்தீங்கன்னா மட்டும் மாத்தற நேரம் வந்துடுச்சு.

5ஜி போன் எடுத்தா எங்க தோட்டத்துல லைன் நல்லா வருமா?

இத கேக்காத ஆளே இல்ல. போன் புதுசாகறதால டவர் கிட்ட வந்துடாது. 4ஜிக்கு ஒவ்வொரு கம்பெனியும் பெரும்பாலும் தன்னோட நெட்வொர்க்கத்தான் நம்பி இருக்கு, அதனாலதான் ஒரே லயத்து வீட்டு வாசல்ல ஒருத்தருக்கு மூணு கோடு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்னும் இல்ல. 5ஜி வேற மாதிரி வந்துச்சு, 2021 கடைசியில டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட்னு ஒரே நெட்வொர்க்கா ஆரம்பிச்சு அதத்தான் மத்த கம்பெனிங்க வாங்கிக் கொடுத்தாங்க, அப்பறம் 2024 நவம்பர்ல ரெண்டாவது நெட்வொர்க் கட்ட யு மொபைல் கம்பெனியத் தேர்வு செஞ்சாங்க. 5ஜில 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமா இருக்கும் ஆனா ரொம்ப தூரம் போகாது, 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், செவுத்தையும் மரத்தையும் கொஞ்சம் தாண்டும். டவுன்ல பறக்கற 5ஜி செம்பனைக் காட்டுக்குள்ள, மேட்டுக்கு அந்தப்பக்கம் அப்படியே இருக்கும்னு நெனைக்காதீங்க.

ஆனா பழைய போன் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு விஷயம். 3ஜிய 2021 கடைசியில நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. இப்ப கால் போறது 4ஜி மேலதான், அதுக்கு வோல்ட்டின்னு பேரு, உங்க போன்ல அது இல்லன்னா கால் பண்ணும்போது 2ஜிக்கு இறங்கிடும், குரல் சரியா கேக்காது, பேசுற வரைக்கும் நெட்டும் நின்னுடும். அந்த மாதிரி போன் வெச்சிருந்தா மாத்துனா உண்மையிலேயே பலன் தெரியும். வீட்டுல வைஃபை இருந்தா வைஃபை காலிங் உள்ள போனா பாருங்க, லைனே இல்லாத வீட்டுலயும் வைஃபை மூலமா சாதாரண கால் வரும், கம்பெனியும் அத தரணும், கேட்டுக்குங்க.

எந்தக் கம்பெனி உங்க வீட்டுல எடுக்கும்னு தெரியணுமா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியோட ஒரு பிரீபெய்ட் சிம் வாங்கி ஒரு வாரம் போட்டுப் பாருங்க. அடுப்படியில, வாசல்ல, வேலைக் காட்டுல, ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் வீடியோ பாக்குற நேரத்துல. சிம்முக்குக் கொஞ்சம் காசு போகும், ரெண்டு வருஷம் தலைய சொறிஞ்சுக்கிட்டு இருக்கறதுக்கு அது மேல்.

வேற கம்பெனிக்கு மாறப்போறேன்னு சொன்னா விலைய குறைப்பாங்களாமே?

சில நேரம் குறைப்பாங்க, உண்மைதான். நம்பர மாத்தாமலே கம்பெனி மாறுற வசதி 2008ல இருந்து நம்ம நாட்டுல இருக்கு, அது கம்பெனிங்களுக்கும் தெரியும். கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளுதான் சும்மா மாறிட முடியும், அதனால அந்த நேரம்தான் உங்க கை ஓங்கி இருக்கு. மரியாதையா பேசுங்க, கவுண்டர்ல உக்காந்திருக்கற பிள்ளை மேல கோவப்பட்டு ஒன்னும் ஆகப்போறது இல்ல. "இன்னொரு கம்பெனியில இந்த விலைக்குத் தர்றாங்க, நீங்க என்னா தர முடியும்"னு கேளுங்க. சும்மா பொய்யா மிரட்டாதீங்க, உண்மையிலேயே வேற பிளானைப் பாத்து வெச்சிட்டுப் போங்க.

மாறணும்னு முடிவு பண்ணா பழைய பில் பாக்கி இல்லாம இருக்கணும், பழைய லைன நீங்களா போயி நிறுத்தக் கூடாது, நிறுத்துனா நம்பரும் சேந்து போயிடும். புது கம்பெனிதான் நம்பர இழுக்கணும்.

இன்னும் ஆறு மாசம் இருக்கு, ஆனா கூப்பிட்டு இப்பவே புது போன் தர்றோம்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

முதல்ல அது உண்மையா கம்பெனிதானான்னு பாருங்க. அவங்க கூப்பிட்ட போன்லயே ஐ.சி. (அடையாள அட்டை) நம்பர், பேங்க்ல இருந்து மெசேஜ்ல வர்ற டேக் நம்பர் எதுவும் சொல்லாதீங்க, வெச்சிட்டு நீங்களா ஆப் மூலமாவோ கவுண்டர்லயோ கேளுங்க. ஏற்கனவே காசு போயிருந்தா உடனே 997க்கு அடிங்க, மோசடிக்குன்னே உள்ள நம்பர் அது, எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது.

உண்மையான கம்பெனியாவே இருந்தாலும் அந்த ஆறு மாசம் எங்க போகுதுன்னு கேளுங்க. சில சலுகையில மிச்ச மாசத்த விட்டுக் கொடுப்பாங்க, சிலதுல பழைய மிச்சத்த புது பில்லுக்குள்ள சேத்துடுவாங்க, சிலதுல பழைய போனைத் திருப்பித் தரணும், கண்ணாடி கீறியிருந்தா அதுக்குத் தனியா காசு. எதுவா இருந்தாலும் "ஃப்ரீயா" கேள்வியில சொன்ன கணக்கோட இதையும் கூட்டுங்க.

என் ஐ.சி.யில கூட்டாளிக்கு ஒரு போன் எடுத்துக் கொடுக்கலாமா? மாசாமாசம் காசு தந்துடறேன்றான்.

வேணாங்க. இது என் மனசுக்கு ரொம்ப வேதனையான விஷயம், அந்தக் கடையில இருந்தப்ப நான் அதிகமா பாத்ததே இதுதான். கையெழுத்து யாரோடதோ கடன் அவரோடது. ரெண்டு மாசம் தருவான், மூணாவது மாசம் வேலை மாறிட்டேம்பான், அப்பறம் நம்பரே எடுக்க மாட்டான், பில் உங்க பேருக்கு வரும். கட்டலன்னா சிடோஸ்ல (யாரு கடன் பாக்கி வெச்சிருக்காங்கன்னு பதிவு வெக்கிற கம்பெனி) பேர் ஏறலாம், அப்பறம் நீங்க மோட்டர் வாங்கப் போனாலும் வீடு வாங்கப் போனாலும் அது முன்னாடி வந்து நிக்கும்.

"ஐ.சி. மட்டும் கொடு, போன் எடுத்ததும் 200 வெள்ளி கையில தர்றேன்"னு பள்ளிக்கூடம் முடிச்ச பசங்ககிட்ட சொல்றவங்க இருக்காங்க. பசங்க பேருல மூணு நாலு கான்ட்ராக்ட் எடுத்து, போனை எல்லாம் வித்துட்டு ஆளு மறைஞ்சிடுவான். 18 வயசு ஆன பிள்ளை வீட்டுல இருந்தா இன்னைக்கே சொல்லி வையுங்க.

சொந்த மகனுக்கு, மகளுக்குன்னா அது உங்க குடும்ப விஷயம், ஆனா அவங்க கட்டலன்னாலும் நம்மளால கட்ட முடியுமான்னு பாத்துட்டு எடுங்க. உங்க பிளானுக்குக் கீழயே கூடுதல் லைன் சேக்கிற வசதி இருந்தா தனி கான்ட்ராக்ட விட மலிவா வரும்.

சிடோஸ்ல பேர் இருக்கு, கான்ட்ராக்ட் கிடைக்குமா?

கஷ்டம், ஆனா சில நேரம் கூடுதல் டெபாசிட்டோ கார்டுல தானா வெட்டற ஏற்பாடோ கேட்டுட்டுத் தருவாங்க. அதுக்கு ஓடறத விட பழைய பாக்கிய கட்டி, கட்டுன கடிதத்த வாங்கி, பேர எடுக்கச் சொல்றது நல்லது. அதுவரைக்கும் பிரீபெய்ட்.

ஏபி செட் மலிவா இருக்கே, அத வாங்கிட்டு சிம் மட்டும் போட்டுக்கலாமா?

ஏபி செட்னா அதிகாரபூர்வ டீலர் வழியா வராம வெளிய இருந்து இறக்குன போன். போடலாம், ஆனா அதிகாரபூர்வ வாரண்டி இல்ல, கடை வாரண்டிதான், கடை மூடுனா அதுவும் இல்ல. சில ஏபி செட்ல நம்ம ஊர் கம்பெனி சிம் போட்டா வோல்ட்டி, வைஃபை காலிங் வேலை செய்யாது, தோட்டத்துல இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு முக்கியம்னு மேல சொல்லிட்டேன். வாங்கறதுக்கு முன்னாடி *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி நம்பர்) பெட்டியில உள்ளதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, சிரிம் (நம்ம நாட்டுத் தர நிறுவனம்) முத்திரை இருக்கான்னும் பாருங்க.

புது போன் வந்ததும் பேங்க் ஆப்ல காசு அனுப்ப முடியல, போன் கெட்டதா?

போன் நல்லாத்தான் இருக்கு. 2022ல நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா சொன்னதுக்கப்பறம், காசு அனுப்ப ஒப்புதல் கொடுக்கற வசதிய புது போனுக்கு மாத்துனா கொஞ்ச நேரம் காத்திருக்கணும்னு பேங்குங்க வெச்சிருக்காங்க, மேபேங்க்ல அது 12 மணி நேரம். உங்க நல்லதுக்குத்தான், திருடன் உங்க ஆப்ப அவன் போன்ல போட்டாலும் உடனே காசு எடுக்க முடியாது. அதனால வீட்டு வாடகையோ தவணையோ கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் போன் மாத்தாதீங்க. பழைய போனையும் எல்லா ஆப்பும் புதுசுல வேலை செய்ற வரைக்கும் அழிக்காதீங்க.

பழைய போனை கடையில கொடுத்தா எவ்வளவு கழிப்பாங்க? அதுக்கு முன்னாடி என்னா செய்யணும்?

ரெண்டு மூணு கடையில விலை கேளுங்க, நல்லா வித்தியாசம் வரும். கொடுக்கறதுக்கு முன்னாடி வாட்சப்ப பேக்கப் எடுங்க, ஆண்ட்ராய்டுல அது இப்ப கூகிள் கொடுக்கற 15 ஜிபிக்குள்ள கணக்காகுது, இடம் இல்லன்னா பேக்கப் ஆகாது, அதனால ரெண்டு போனும் கையில இருக்கும்போதே நேரடியா மாத்திடுங்க. கூகிள் கணக்கையும் ஐபோன்னா ஐகிளவுடையும் வெளியேத்திட்டு அப்பறம்தான் ரீசெட். முதல்லயே ரீசெட் பண்ணா போன் பூட்டிக்கலாம், அப்பறம் உங்க பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் தொறக்க முடியாது, கடைக்காரர் விலைய பாதியா சொல்வாரு.

போன் ரெண்டு வாரத்துல கெட்டுப்போச்சு. கடைக்காரர் கம்பெனிக்குப் போங்கறாரு, கம்பெனி கடைக்குப் போங்குது.

வித்தவருக்கும் பொறுப்பு இருக்கு, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. ரசீது, பெட்டி, வாட்சப்ல பேசுனது எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு முதல்ல எழுத்துல கேளுங்க. கேக்கலன்னா பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கு, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்ல, மூணு வருஷத்துக்குள்ள போடணும். பில், லைன், கான்ட்ராக்ட் தகராறுன்னா முதல்ல கம்பெனிகிட்ட புகார் கொடுத்து அந்த நம்பர வாங்கி வெச்சுக்கிட்டு, தீரலன்னா மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குக் கொண்டு போங்க.

அப்பா தவறிட்டாரு. அவர் பேருல கான்ட்ராக்ட் இன்னும் பத்து மாசம் இருக்கு. நாங்க கட்டணுமா?

மூணு குடும்பம் இத என்கிட்ட கேட்டிருக்காங்க. சும்மா விட்டுடாதீங்க, பில் ஏறிக்கிட்டே இருக்கும். இறப்புப் பத்திரம், அப்பாவோட விவரம், உங்க ஐ.சி. எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டருக்கு நேரா போங்க, இறந்தவர் பேருல உள்ள கான்ட்ராக்ட், உடைக்கிற கட்டணத்த ரத்து செய்யுங்கன்னு எழுத்துல கேளுங்க. அந்த நம்பர குடும்பத்துல யாராவது வெச்சுக்கணும்னா பேர் மாத்தித் தரச் சொல்லுங்க, அந்த மாதிரி செய்யும்போது புதுசா 24 மாசக் கையெழுத்து கேக்குறாங்களான்னு பாத்துக்குங்க.

நம்பர நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அப்பா போன்ல உள்ள படம், அவர் குரல்ல அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் வேற போனுக்கு எடுத்து வையுங்க, நம்பர் போயிட்டா அந்த வாட்சப்ப மறுபடி தொறக்கறதுக்கு வழி இல்லாம போயிடும். போன மாசம் வந்த தம்பிக்கு கவுண்டருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து அதத்தான் செஞ்சு கொடுத்தேன்.